கரோலின் பார்த்த புலி

ஆம்பூரில் அவள் பெயர் கரோலின், வேலூரில் முத்துமாரி. இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டரை நம்பித்தான் அவளுடைய பத்தொன்பது வருஷ அரசாங்க உத்தியோகம் நடந்துகொண்டிருந்தது. காலையில் பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் கைப்பையைத் திறந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் அதை எடுத்துவிடுவாள். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வியர்வை துடைக்கிற மாதிரி, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவாள்.

இதில் அவள் யார் குடியைக் கெடுத்தாள் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் கிடையாது. தாத்தா காலத்திலேயே சபையில் சேர்ந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா முத்துமாரி என்று எழுதினார், இந்து ஆதிதிராவிடர் என்று எழுதினார். சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்தபோது கரோலின் என்றார்கள். சர்ச்சுக்குப் போனால் சாதி போய்விடும், சாதி போனால் சலுகையும் போய்விடும் என்பது சட்டம். போகவில்லை என்பது அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த எல்லாருக்கும் தெரியும். சட்டத்தை எழுதியவர்கள் வாடகைக்கு வீடு தேடவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆகவே சபையில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஒன்று கூப்பிட, ஒன்று பிழைக்க.

அவள் புருஷனுக்கும் அப்படித்தான். வீட்டிலும் சபையிலும் ஜோஸ், ஆதாரில் கோவிந்தசாமி. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். மகள் பிறந்தபோதுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து நிஷா என்று வைத்தார்கள். எந்தக் கோயிலில் கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்காத பெயர். அந்தப் பெண்ணாவது ஒரே பெயரோடு இருக்கட்டும் என்று ஆசை.

கரோலினுக்கு இன்னொரு ஆசையும் உண்டு. காட்டில் புலி பார்க்கவேண்டும். மிருகக்காட்சி சாலைப் புலி இல்லை, காட்டுப் புலி. ஏழெட்டு வருஷமாக இதே பைத்தியம். நாக்பூருக்குத் தெற்கே தடோபா காட்டில் எந்தப் புலிக்கு எத்தனை குட்டி, எது எந்தக் குட்டையில் தண்ணீர் குடிக்கும், எது எதோடு சண்டை போட்டு எல்லையை இழந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வனத்துறைக் கணக்கில் டி-எழுபத்தொன்று என்று ஒரு பெண்புலி, ஜீப் ஓட்டுகிறவர்கள் வாயில் அது லாலி. புலிக்கும் ரெண்டு பேருதான், ஆனா அதுகிட்ட யாரும் சர்டிபிகேட் கேக்கறதில்ல என்று ஒருநாள் ஜோஸிடம் சொன்னாள்.

"புலியப் பாத்து இன்னா பண்ணப்போற கரோ?" என்று அவன் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. அது பாட்டுக்கு நடந்து போவும் இல்ல, அதப் பாக்கணும்."

அந்த ஆசைக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டாளி கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. கண்காணிப்பாளர் சாமிநாதனுக்கும் அதே பைத்தியம். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் புலி வீடியோ பார்ப்பார்கள். ரொம்ப மரியாதையான மனிதர். ஒருநாள் அவர்தான் சொன்னார்: "ஒரு ஜீப்புக்கு ஆறு பேரும்மா. நானும் என் வூட்டுக்காரம்மா கோவிந்தம்மாளும் ரெண்டு. நீங்க மூணு பேரு. இன்னும் ஒருத்தர் சேந்தா ஜீப்பு நம்ம ஜீப்பு. மே மாசம் போவோம். காட்டுல தண்ணி வத்திடும், புலி குட்டைக்கு வந்தே ஆவணும்."

வேலூர் வெயில் போதாதென்று அதைவிடக் கொடிய வெயிலைத் தேடிப் போகிறார்கள் என்று அலுவலகமே சிரித்தது. முத்துமாரிக்கோ கால் தரையில் பாவவில்லை. சரி சார் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஆறாவது ஆளும் சேர்ந்துவிட்டாள். அடுத்த மேஜை அமிர்தவள்ளி. "நானும் வர்றேன் சார், எனக்கும் ஒரு சேஞ்ச் வேணும்" என்றாள்.

அமிர்தவள்ளி கெட்டவள் ஒன்றும் இல்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பாள், தலைவலி என்றால் மாத்திரை கொடுப்பாள். ஆனால் பதவி உயர்வுப் பட்டியலில் முத்துமாரிக்கு அடுத்த பெயர் அவளுடையது. நடுவில் ஒரு பெயர் இல்லாமல் போனால் அவள் ஒரு படி ஏறுவாள். இது அவளுக்கும் தெரியும், முத்துமாரிக்கும் தெரியும், இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வேறொரு அலுவலகத்தில் ஒரு பெண்மேல், அவள் சர்ச்சுக்குப் போகிறவள் என்று, யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் தெருவில் கேட்டார்கள், கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தார்கள், கல்லறைத் தோட்டத்துக்கே போய் அவள் அப்பாவின் சிலுவையில் எழுதியிருந்த பெயரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது வருஷமாக வழக்கு நடக்கிறது. வேலை போனதுகூடப் பரவாயில்லை, செத்துப்போன மனுஷனைச் சாட்சிக்கு இழுத்தார்களே என்று அந்தப் பெண் அழுதாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து கரோலினுக்கு அப்பா கல்லறைக்குப் பூ வைக்கப் போகும்போதெல்லாம் முதுகு குறுகுறுக்கும்.

அமிர்தவள்ளியோடு நான்கு நாள் ரயிலிலும் விடுதியிலும் ஜீப்பிலும் இருக்கவேண்டும் என்று புரிந்த அன்றே அவள் பின்வாங்கியிருக்கலாம். புலி விடவில்லை. பதிலாக வீட்டில் சட்டம் போட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடக் கூடாது. தும்மினால் ஆண்டவரே என்று சொல்லக் கூடாது. ஜோஸ் கழுத்துச் சிலுவைச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ரிங்டோனை மாற்றவேண்டும். நிஷா சர்ச் சிநேகிதிகளோடு போனில் பேசுவதானால் வெளியே போய்ப் பேசவேண்டும்.

"அப்பா உன்ன கரோன்னு கூப்ட்டா?" என்று நிஷா கேட்டாள்.

"மாரின்னு கூப்டச் சொல்லு. இன்னிலேருந்தே பழகிக்கட்டும்."

ஜோஸ் இரண்டு நாள் மாரி மாரி என்று கூப்பிட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள், "வேற பொம்பளயக் கூப்டற மாதிரி இருக்குது" என்று விட்டுவிட்டான்.

பிப்ரவரி மாதம் சாமிநாதன் புலிப் படை என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். ஆறு பேரின் பெயரும் வயதும் நிரப்பச் சொல்லி ஒரு படிவம் அனுப்பினார். அடையாள அட்டை நகலை அப்புறம் தந்தால் போதும், வனத்துறையின் முன்பதிவு திறந்ததும் போட்டுவிடலாம் என்றார். அன்றைக்கு முத்துமாரிக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. நீயே நிரப்பிடு என்று ஜோஸுக்குச் செய்தி போட்டாள். ஜோஸ் கம்பெனியில் மத்தியான சைரன் அடித்ததும், வெட்டுகிற மேஜைமேல் ஒரு கையை ஊன்றி நின்றபடியே, மற்றக் கையில் போனை வைத்து நிரப்பினான். கோவிந்தசாமி, நாற்பத்தாறு. கம்பெனிப் பதிவேட்டில் தினம் எழுதுகிற பெயர், தப்பவில்லை. நிஷா, பதினாறு. அதில் தப்ப வழியே இல்லை. மூன்றாவதாகப் பெண்சாதி பெயர். இருபது வருஷமாகக் கூப்பிட்ட பெயரைக் கை தானாக எழுதியது. கரோலின், நாற்பத்து மூன்று.

மறுநாள் காலை பதினொரு மணி. சாமிநாதன் மேஜைமேல் பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தார். அமிர்தவள்ளி எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"சாமிநாதன், கோவிந்தம்மாள், அமிர்தவள்ளி, கோவிந்தசாமி, நிஷா, கரோலின். மாரி, உன் பேரக் காணோமே. யாரு இந்த கரோலின்?"

அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று முத்துமாரியின் கை தானாகப் போய்த் தொட்டுப் பார்த்தது. சாமிநாதன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அமிர்தவள்ளி பட்டியலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் தங்கச்சி" என்றாள் முத்துமாரி. குரல் எப்படியோ சரியாக வந்தது. "கிறிஸ்டியன் வூட்ல கட்டிக்கிச்சு, பேர மாத்திக்கிச்சு."

"அவங்க வர்றாங்களா? அப்ப நீ?"

"நான் வரல. மாமியாருக்கு ஒடம்பு முடியல. யாராவது கூட இருக்கணும். அதான் என் எடத்துல நாத்தனார் வருது."

வீட்டில் ஓடியாடிக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மாமியாரை ஒரே நொடியில் படுக்கையில் தள்ளிவிட்டாள். அமிர்தவள்ளி, அடப்பாவமே என்றாள். சாமிநாதன் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அமிர்தவள்ளியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அப்போ அவங்க பேரே இருக்கட்டும்" என்றார்.

அன்று பஸ்ஸில் அவள் பொட்டை எடுக்கவே மறந்துபோனாள். ஆம்பூரில் இறங்கி, மீன்காரி உற்றுப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் ஜோஸை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"நானும் போவல கரோ. எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடு."

"நேத்து வரைக்கும் குதிச்சிக்கினு இருந்துட்டு இன்னிக்கு மூணு பேரும் வரலன்னா அமிர்தவள்ளி இன்னா நெனைப்பா? கரோலின்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு ஒரே நாள்ல கண்டுபுடிச்சிடுவா. நீங்க போயே ஆவணும். கரோலினும் போயே ஆவணும்."

"எந்த கரோலினு?"

அதுதான் கேள்வி. ஆதாரோடு ஒரு கரோலின் வேண்டும். சபையில் தேடினார்கள். ஒரு கரோலினுக்கு எழுபத்தாறு வயது, வாசற்படி ஏறவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நான்காம் வகுப்பு. மூன்றாவது கரோலின் பேரணாம்பட்டில் கட்டிக்கொடுத்து நிறைமாதமாக இருந்தாள். கடைசியில் அகப்பட்டவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த கரோலின், வயது நாற்பத்தொன்று; படிவத்தில் வயதை மட்டும் திருத்தினால் போதும். புருஷன் வெளிநாட்டில், பிள்ளைகள் ஹாஸ்டலில். விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் தங்கைக்கும் இரண்டு பெயர்.

"போறேன்க்கா. ஆனா எனக்கு நாயின்னாலே பயம். புலி கிட்ட வந்துச்சின்னா கண்ண மூடிக்குவேன், பரவால்லயா?"

பரவாயில்லை என்று கரோலின் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அந்த நர்ஸின் கழுத்தை நெறிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அவள் என்ன செய்வாள் பாவம், உதவிக்கு வந்தவள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் பெரிய வேதனை. ஜோஸ்மேல் கோபப்பட முடியாது, அவன் பெண்டாட்டியின் பெயரைத்தான் எழுதினான். அமிர்தவள்ளிமேல் முடியாது, அவள் தாளில் இருந்ததைத்தான் படித்தாள்.

ஏப்ரல் முழுக்க வாரம் இரண்டு நாள் சாயங்காலம் நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். ஜோஸை அண்ணா என்று கூப்பிடப் பழகினாள். எந்த வருஷம் கல்யாணம், மாமியாருக்கு என்ன வியாதி, எல்லாம் பாடம். இதில் ஒரு வேடிக்கை: கிறிஸ்தவ வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் என்பதால், அவள் மட்டும் அந்தப் பயணத்தில் தாராளமாக ஜெபம் செய்யலாம், சங்கிலி போடலாம். ஜோஸும் நிஷாவும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவேண்டும்.

புலிப் பாடமும் நடந்தது. மான் ஒரு மாதிரி கத்தினால் புலி பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குரங்கு மேலே பார்க்காமல் கீழே பார்த்துக் கத்தினால் அந்தத் திசையைப் பார்க்கவேண்டும். ஜீப்பில் இடது பக்கம் உட்காரு, காலை வெயில் கண்ணில் அடிக்காது. லாலி நடந்தால் வலது தோளில் ஒரு தழும்பு தெரியும், அதை வைத்து அடையாளம் கண்டுபிடி. சொல்லச் சொல்ல கரோலினின் முகம் மலர்ந்துகொண்டே போகும். நர்ஸ் கொட்டாவி விடுவாள். அப்போதுதான் தான் போகப்போவதில்லை என்பது மறுபடி ஞாபகத்துக்கு வரும். தனக்கென்று வாங்கியிருந்த காக்கித் தொப்பியையும் பைனாகுலரையும் கடைசி நாள் நர்ஸிடம் கொடுத்தாள். தொப்பி நர்ஸுக்குச் சரியாக இருந்தது.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை காட்பாடி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனாள், பொட்டு வைத்துக்கொண்டு. அமிர்தவள்ளி அவள் கையைப் பிடித்து, "ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் நீ இல்லியேன்னு இருக்குது" என்றாள். அது உண்மையாகவே சொன்னது என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ரயில் கிளம்பும்போது நிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவை முறைத்துப் பார்த்தாள். கை அசைக்கவில்லை. அவள் பக்கத்தில் நர்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜோராகக் கை அசைத்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சாமிநாதனும் இல்லை, அமிர்தவள்ளியும் இல்லை. மூன்று பேர் வேலையை முத்துமாரி ஒருத்தியே பார்த்தாள். ஐந்தரைக்கு ஜீப் காட்டுக்குள் போயிருக்கும். ஏழு மணிக்குக் குட்டைப் பக்கம் போயிருக்கும். ஃபைலைப் புரட்டினாலும் கண் கடிகாரத்தில்தான் இருந்தது. பத்தே முக்காலுக்கு அவர்கள் விடுதிக்குத் திரும்பினார்கள் போல, போன் விடாமல் அதிர ஆரம்பித்தது.

முதல் படத்தில் மூங்கில் புதர். இரண்டாவது படத்தில் அந்தப் புதரிலிருந்து வெளியே வந்த தலை. மூன்றாவதில் முழுப் புலி, மண் பாதையில், ஜீப்புக்கு இருபது அடி தூரத்தில், யாரையும் சட்டை செய்யாமல் நடந்துகொண்டிருந்தது. அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வலது தோளில் தழும்பு. லாலிதான்.

குழுவில் அமிர்தவள்ளி எழுதியிருந்தாள்: 'மொதல்ல பாத்தது கரோலின்தான்! எங்க யாருக்கும் தெரியல. எப்படித்தான் கண்டுபுடிச்சாங்களோ!'

முத்துமாரி கைதட்டுகிற பொம்மை ஒன்று போட்டாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். வெளியே போய் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்தபோது இன்னொரு செய்தி வந்திருந்தது, குழுவில் இல்லை, அவளுக்கு மட்டும். சாமிநாதன்.

'அம்மா, இதை உங்களுக்கு மட்டும் எழுதறேன். அந்தப் புலியை நீங்கதான் பாத்திருக்கணும். நிஷா பொறந்தப்ப உங்க ஆஸ்பத்திரி பில்லு கரோலின்ங்கற பேர்ல ஆபீஸுக்கு வந்துது. நான்தான் யாருக்கும் தெரியாம திருப்பி அனுப்பி, பேர மாத்தி வர வெச்சேன். பதினாறு வருஷமா எனக்குத் தெரியும். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என்னால ஒண்ணும் சொல்ல முடியல. அடுத்த தடவை நீங்களே வாங்க. என்கிட்ட பயப்படவே வேணாம்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினாறு வருஷம். தினம் எதிர் மேஜையில் உட்கார்ந்து, புலி வீடியோ காட்டி, மோர்மிளகாய் பகிர்ந்து தின்ற மனுஷன், ஒரு நாள்கூட ஜாடை காட்டவில்லை. அவள் அந்த ஜீப்பில் இருந்திருக்கலாம். கரோலின் என்றே போயிருந்தால்கூட அவர் அமிர்தவள்ளியைச் சமாளித்திருப்பார். இரண்டாம் தடவை படித்ததும் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அவர் மனசில் மட்டும் இருந்த விஷயம் இப்போது எழுத்தில் இருக்கிறது. அவர் போனில் இருக்கிறது, அவளுடைய போனில் இருக்கிறது. அந்தப் போனை அவர் விடுதியில் சார்ஜ் போட்டு வைப்பார், படம் பார்க்க அமிர்தவள்ளி கேட்டால் கொடுப்பார்.

மூன்றாம் தடவை படித்துவிட்டு, 'ரொம்ப நன்றி சார்' என்று எழுதினாள். அனுப்பவில்லை. நன்றி சொன்னால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் இன்னும் ஐந்து வருஷ சர்வீஸ் இருக்கிறது. ஐந்து வருஷத்தில் யார் மனசு எப்படி மாறும் என்று யார் கண்டது. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

செய்தியைப் படித்துவிட்டாள் என்பதற்கு அங்கே நீலக் கோடு விழுந்திருக்கும். அவர் பதிலுக்குக் காத்திருப்பார். நேரம் கடத்தக் கூடாது.

'நீங்க இன்னா சொல்றீங்கன்னே புரியல சார். புலி போட்டோ சூப்பர்' என்று எழுதி அனுப்பினாள். அது போதாது என்று தோன்றியது. இன்னொன்றும் எழுதினாள்.

'கரோலின நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க சார்.'